மாரடைப்பு என்று எழுதி மூடிவிடாதீர்கள்!

போன கோடையில் உங்கள் மஹல்லாவில் எத்தனை ஜனாஸாத் தொழுகை நடந்தது? அதற்கு முந்தைய கோடையில் எத்தனை? முத்தவல்லியிடம் கேளுங்கள்; விழிப்பார். செயலாளரிடம் கேளுங்கள், மோதினாரைக் கை காட்டுவார். மையவாடியில் குழி வெட்டும் அந்த ஏழைச் சகோதரரிடம் கேட்டுப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் எந்தெந்த நாளில் இரண்டு குழி வெட்டினார் என்று அவர் விரல் விட்டுச் சொல்லக் கூடும். ஆனால் அவரிடம் அரசும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை.

எப்படிச் சாகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மார்க்கெட்டில் காலை 6 மணியிலிருந்து மூட்டை சுமந்த ஒருவர் பகல் 2 மணிக்குத் தலை சுற்றுகிறது என்று வீட்டுக்கு வருகிறார். தகரக் கூரை. உள்ளே அடுப்பங்கரை போல் வேகிறது. ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார். அஸருக்கு எழுப்பினால் எழவில்லை. தெருமுனை டாக்டர் வந்து நாடி பிடித்து 'அட்டாக்' என்கிறார். இஷாவுக்குப் பின் நல்லடக்கம். 'இன்னா லில்லாஹி' சொல்லிக் கலைந்து விடுகிறோம். மறுநாள் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போது அதே சொல்: மாரடைப்பு. வெயில் என்ற சொல் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

டாக்டர் பொய் சொன்னாரா? இல்லை. இதயம் நின்றுதான் போனது. ஆனால் ஏன் நின்றது? மனித உடல் 37 டிகிரி செல்ஷியஸில் ஓடும் இயந்திரம். வெளியே வெப்பம் ஏறும்போது உடல் தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையைக் கொட்டுகிறது. அதற்காக இதயம் இருமடங்கு உழைக்கிறது. வியர்வையோடு நீரும் உப்பும் போகப் போக ரத்தம் குறைந்து கெட்டியாகிறது. சர்க்கரை நோயாளி, ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகம் பழுதானவர், வயதானவர் ஆகியோரின் இதயம் அந்தச் சுமையில் நின்று விடுகிறது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை குழம்பி, நினைவு தவறி, சிறுநீரகமும் ஈரலும் ஒவ்வொன்றாய் அணைகின்றன. கொன்றது வெயில். கையெழுத்துப் போட்டது இதயம்! காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தெர்மாமீட்டர் 37 என்று காட்டும் நாளில் அங்கே ஆள் விழுவான்.

110 பேர்தானாம்!

2024 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை நாடு முழுவதும் வெப்பத்தாக்கு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். உறுதி செய்யப்பட்ட மரணங்கள் 110 என்று மத்திய சுகாதாரத் துறையின் கணக்கு வெளியானது. 140 கோடி பேர் வாழும் நாட்டில், டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மக்கள் சுருண்டு சுருண்டு விழுந்த அந்தக் கோடையில், 110 பேர்!

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய கேலிக்கூத்து என்பதை வேறெங்கும் போய்த் தேட வேண்டாம், குஜராத்தின் அஹமதாபாத்தே சொல்லும். 2010 மே மாதம் அந்த நகரில் வெப்பம் 46.8 டிகிரி வரை ஏறியது. மருத்துவமனைகள் 'வெப்பச் சாவு' என்று எழுதியவை சொற்பம். ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். மாரடைப்போ முதுமையோ காய்ச்சலோ, காரணம் எதுவாக எழுதப்பட்டிருந்தாலும் சரி, அந்த மாதம் இறந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். 4,462 பேர். வெயில் கடுமையாக இல்லாத 2009, 2011 மே மாதங்களை வைத்துப் பார்த்தால் இறந்திருக்க வேண்டியவர்கள் 3,118 பேர். கூடுதலாகச் செத்தவர்கள் 1,344 பேர்! ஒரே நகரம். ஒரே மாதம். 2002ல் பட்ட காயமே ஆறாத நகரத்தில், சத்தமே இல்லாமல் 1,344 உயிர்கள். அந்த எண்ணிக்கை வெளியே வந்த பிறகுதான் நிர்வாகம் அசைந்தது. 2013ல் தெற்காசியாவிலேயே முதன்முறையாக அங்கே வெப்பச் செயல் திட்டம் வந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவர்களுக்குப் பயிற்சி, குடிநீர் மையங்கள், பகலில் திறந்திருக்கும் பூங்காக்கள் எல்லாம் அதன் பின்னரே வந்தன.

எண்ணியதால் வந்தது! எண்ணாமல் இருந்திருந்தால் 1,344 பேரும் மாரடைப்பாகவே மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

அதே அரஃபா, அதே சூரியன்

"மவுத் அல்லாஹ் விதித்தது. வெயிலைக் குறை சொல்லலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய ஈமானில் நமக்குச் சந்தேகமில்லை. அவர்களிடம் ஒரு கேள்வி மட்டும்.

2024 ஜூனில் 18 லட்சம் பேர் ஹஜ் செய்தார்கள். ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரி. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி பெற்றவருக்குக் குளிரூட்டிய கூடாரம், பேருந்து, மருத்துவமனை. அனுமதி இல்லாதவருக்கு? கொதிக்கும் தார்ச்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நடை. ஒதுங்க நிழல் இல்லை. விழுந்தால் தூக்க ஆள் இல்லை. சுற்றுலா விசாவைக் கையில் கொடுத்து, "ஹஜ் செய்யலாம் ஹாஜியாரே" என்று வாழ்நாள் சேமிப்பை உருவிக் கொண்ட ஏஜெண்டுகள் மக்காவில் தொலைபேசியை அணைத்துவிட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பகுதியினர் எகிப்தியர்கள். எகிப்து அரசு 16 பயணக் கம்பெனிகளின் உரிமத்தைப் பறித்தது, எல்லாம் முடிந்த பிறகு!

அதே அரஃபா. அதே சூரியன். அதே லப்பைக். ஆனால் குளிர்ந்த கூடாரத்தில் இருந்தவர் பிழைத்தார். தார்ச்சாலையில் நடந்தவர் இறந்தார். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு தாளும் கொஞ்சம் பணமும். மலக்குல் மவுத் அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டா வந்தார்? அல்லாஹ்வின் விதியின் மீது பழியைப் போட்டு ஏஜெண்டைத் தப்ப விடுவதற்குப் பெயர் ஈமானா?

நம் நாட்டுக் கணக்கையும் கேளுங்கள். அந்த ஹஜ்ஜில் இறந்த இந்தியர்கள் அப்போது வரை 98 பேர் என்று வெளியுறவு அமைச்சகம் ஜூன் 21 அன்று அறிவித்தது. காரணம்? இயற்கை நோய், நாட்பட்ட நோய், முதுமை! 51 டிகிரியில் நின்றவர்களுக்கு முதுமை வந்து விட்டதாம். தெருமுனை டாக்டர் எழுதியதைத்தான் அமைச்சகமும் எழுதியது. சொல் மட்டும் கொஞ்சம் கௌரவமானது.

(ஹஜ் ஆண்டுக்கு 11 நாள் வீதம் முன்னகர்ந்து இனி வசந்தத்துக்கும் குளிர்காலத்துக்கும் போகிறது, கவலை இல்லை என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். ஹஜ்ஜின் மாதம் நகரும். நம் ஊர் மே மாதம் நகராது.)

வெயிலில் நிற்பது தக்வா அல்ல

மார்க்கத்தில் இதற்குத் தெளிவு இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் உரையாற்றிக் கொண்டிருந்தபோது ஒருவர் வெயிலில் நின்று கொண்டிருந்தார். யார் இவர் என்று கேட்டார்கள். அபூ இஸ்ராயீல் என்பவர், உட்காராமல், நிழலில் ஒதுங்காமல், பேசாமல், நோன்புடன் நிற்பதாக நேர்ச்சை செய்திருக்கிறார் என்று மக்கள் சொன்னார்கள். அண்ணலார் என்ன கட்டளையிட்டார்கள்? அவரைப் பேசச் சொல்லுங்கள், நிழலுக்குப் போகச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்ற கருத்தில் உத்தரவிட்டார்கள் (புகாரி). நேர்ச்சையே ஆனாலும் வெயிலில் வதைபடுவதில் நன்மை இல்லை என்பது அன்றே முடிந்துபோன தீர்ப்பு.

பயணத்தில் லுஹருக்குப் பாங்கு சொல்ல எழுந்தவரை, வெப்பம் தணியட்டும் என்று தடுத்தார்கள். மீண்டும் எழுந்தார், மீண்டும் தடுத்தார்கள். மணல்மேடுகளின் நிழல் தெரியும் வரை தொழுகையைத் தாமதப்படுத்தினார்கள் (புகாரி). தொழுகையையே வெயிலுக்காகத் தள்ளி வைத்த மார்க்கத்தில் பிறந்த நம் சகோதரன் ஒருவன், கான்கிரீட் போடும் வேலையைத் தன் தொழிலாளிக்காக 3 மணி வரை தள்ளி வைக்க மாட்டேன் என்கிறான். பெயர் அப்துல் ரஹ்மான். தொழில் பில்டிங் காண்ட்ராக்ட்!

விதியைப் பற்றிப் பேசுபவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றே போதும். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது கேட்டுப் படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்று விளக்கினார்கள். பள்ளத்தாக்கின் செழித்த கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும் விதிதான், வறண்ட கரையில் மேய்த்தாலும் விதிதான் என்று உவமை காட்டினார்கள். நிழலுக்கு ஒதுங்குவதும் விதி. நிழல் தராதவனைக் கேள்வி கேட்பதும் விதி!

2015 ஜூனில் கராச்சியில் ரமளானின் தொடக்க நாட்களில் வெப்ப அலை வந்தது. மின்சாரம் மணிக்கணக்கில் போனது, குழாயில் தண்ணீர் இல்லை. 1,200 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலும் ஏழைகள், முதியவர்கள், தெருவில் உழைத்தவர்கள். ஈதி அறக்கட்டளையின் சவக்கிடங்கில் இடம் இல்லாமல் போனது. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விட்டுவிடலாம் என்று அங்குள்ள மார்க்க அறிஞர்கள் அறிவிக்க வேண்டி வந்தது. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ் திருமறையில் (2:185) முன்பே கொடுத்திருக்கும்போது, மையித்துகள் குவிந்த பிறகுதானா அதை நினைவுபடுத்த வேண்டும்?

மகனுக்கு நிழல், வாப்பாவுக்கு வெயில்

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். சவூதியில் அதே மூன்று மாதம், 12 முதல் 3 வரை தடை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. அதோடு வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரியைத் தாண்டிக் காட்டினால் எந்த நேரமானாலும் வேலை நிறுத்தம்.

வளைகுடா அரசுகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கத்தாரில் உலகக் கோப்பைக்கு அரங்கம் எழுப்பிய ஆண்டுகளில் இளம் தொழிலாளிகள் இறந்தபோது முறையாக விசாரிக்காமலே 'இயற்கைக் காரணம்', 'இதயம் நின்றது' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியதை ஆம்னஸ்டி அமைப்பு 2021ல் அம்பலப்படுத்தியது. அங்கும் அதே மோசடிச் சொல்! ஆனால் உலகம் கேள்வி கேட்டது. அதன்பின் விதி கடுமையானது. இங்கே கேட்பவர் இல்லை. மகன் தோஹாவில் 10 மணிக்குக் கொட்டகையில் ஒதுங்குகிறான். அவன் வாப்பா வாணியம்பாடியில் நடுப்பகல் ஒரு மணிக்குத் தள்ளுவண்டி தள்ளுகிறார்.

வளைகுடா வேண்டாம், மலைக்கு அந்தப்பக்கம் பாருங்கள். கேரளத்தில் ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போதே தொழிலாளர் துறை ஆணை போடுகிறது. வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 முதல் 3 வரை கட்டாய ஓய்வு. வேலை நேரம் காலை 7க்கும் மாலை 7க்கும் இடையில் மாற்றியமைப்பு. நம் மாநிலத்தில் என்ன வருகிறது? அறிவுரை வருகிறது. சுற்றறிக்கை வருகிறது. "மதியம் வெளியே வராதீர்கள், பருத்தி ஆடை அணியுங்கள், இளநீர் குடியுங்கள்" என்று தொலைக்காட்சியில் விளம்பரம் வருகிறது. வெளியே வராவிட்டால் இரவு அடுப்பு எரியாதவனிடம் வெளியே வராதே என்கிறார்கள். இளநீர் விற்பவனே வெயிலில்தான் நிற்கிறான் ஐயா!

சாலை ஓரங்களில் மோர்ப் பந்தல்கள் வேறு. எந்தக் கட்சியானாலும் ஒரே அளவுதான். தலைவர் படம் பத்தடி, பானை ஒரு அடி. திறப்பு விழாவுக்குத் தர்பூசணி வெட்டிப் புகைப்படம் எடுத்துக் கொள்கிறார்கள். நாலாம் நாள் போய்ப் பாருங்கள். தலைவர் சிரித்துக் கொண்டிருப்பார், பானை காய்ந்து கிடக்கும்.

பட்டியலில் குளிர் இருந்தது, வெயில் இல்லை

மத்திய அரசின் பேரிடர் நிவாரண நிதிக்கு 12 பேரிடர்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, ஆலங்கட்டி, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடைசியில் உறைபனியும் குளிர் அலையும். குளிர் அலை இருந்தது. வெப்ப அலை இருக்கவில்லை! மாநிலங்கள் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, இருக்கும் பட்டியலே பெருமளவு போதும் என்று 15ஆவது நிதிக் குழு கைவிரித்தது. வேண்டுமானால் மாநில நிதியில் 10 சதவீதத்துக்குள் நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள் என்பதுதான் அப்போதைய விதி.

இதில் வானிலைத் துறையின் இலக்கணம் வேறு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அந்த ஊரின் வழக்கமான வெப்பத்தை விட 4.5 டிகிரி கூடினால்தான் 'வெப்ப அலை'. இல்லையேல் நேரடியாக 45 டிகிரியைத் தொட வேண்டும். வேலூரையும் ஆம்பூரையும் எடுத்துக் கொள்ளுங்கள். மே மாதத்தில் வழக்கமே 40 டிகிரியை ஒட்டி நிற்கும் பூமி. அங்கே தோல் தொழிற்சாலையில் வேகும் நம் சகோதரனுக்கு 43 டிகிரி அலை அல்ல, 'வழக்கத்தை விடச் சற்று அதிகம்'. தினமும் அடி வாங்குகிறவனுக்கு இன்றைக்கும் அடி விழுந்தால் அது செய்தி இல்லை என்பது போன்ற இலக்கணம் இது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். இதை வரவேற்கிறோம். நல்லதைச் செய்தால் நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த 4 லட்சத்தின் வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது. நிவாரண விதிப்படி, மரணக் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும். மாரடைப்பு என்று எழுதப்பட்டவரின் மனைவி அந்தச் சான்றுக்கு எங்கே போவாள்?

இங்கேதான் நாம் நம்மையும் கேட்டுக் கொள்ள வேண்டும். ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது மார்க்கம். அதில் பேச்சுக்கே இடமில்லை. மையித்தை அறுக்க விட மனம் ஒப்பாது, அதுவும் புரிகிறது. "கேஸ் வேண்டாம் சார், எழுதிக் கொடுத்துவிடுகிறோம்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து விடுகிறோம். ஆனால் அறுக்காமலே செய்யக் கூடிய ஒன்று உண்டே! மயங்கியவரைக் கொண்டு போன அந்த நிமிடத்தில் தெர்மாமீட்டர் வைத்து உடல் வெப்பத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். எங்கே வேலை செய்தார், எத்தனை மணிக்கு விழுந்தார், விழுந்தபோது குழப்பமாகப் பேசினாரா, இவற்றை டாக்டரின் சீட்டில் எழுத வையுங்கள். உடல் குளிர்ந்த பிறகு எந்தத் தெர்மாமீட்டரும் சாட்சி சொல்லாது. அறுவைப் பரிசோதனை நடக்காத இடங்களில் டாக்டர் சீட்டையும் கூட வேலை செய்தவர்களின் சாட்சியத்தையும் ஏற்றுக்கொண்டு நிவாரணம் வழங்க வேண்டும் என்று அரசை நாம் கேட்க வேண்டும். நம்மைப் போலவே உடனடியாக அடக்கமோ தகனமோ செய்துவிடும் எல்லா ஏழைகளுக்காகவும்தான் இந்தக் கோரிக்கை.

பூட்டிய பள்ளிகள்

லுஹர் முடிந்து கால்மணி நேரத்தில் பள்ளிவாசல் கதவைப் பூட்டும் ஊர்கள் எத்தனை! உள்ளே குளிர்சாதனம், பளிங்குத் தரை, இருபது மின்விசிறி. வெளியே வேப்பமரமும் வெட்டப்பட்ட தெருவில் ரிக்‌ஷாக்காரர், கீரை விற்கும் அம்மா, தபால் சுமக்கும் தம்பி. ஒலிபெருக்கி திருடு போகும் என்பது காரணம். ஒரு மோதினாருக்குத் துணையாக இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஜமாஅத் நிதியில் வழியில்லையாம். கந்தூரிக்கும் மினாரா விளக்குக்கும் வழி இருக்கிறது. மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கனுக்குத் தராமல் தடுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்ற கருத்தில் வரும் நபிமொழியைக் கேட்டும் பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறோம். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் லுஹரிலிருந்து அஸர் வரை வராந்தாவும் ஹவ்ளும் திறந்திருக்கட்டும். எந்த மதத்தவர் வந்து உட்கார்ந்தாலும் உட்காரட்டும்.

ஹவ்ளைச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு காரணம் உண்டு. வெயிலில் வேலை செய்தவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு தீயாய்ச் சுடுகிறது என்றால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்க வேண்டும். நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். முதல் அரை மணி நேரம்தான் உயிர். அவ்வளவு தண்ணீர் தெருவில் தயாராக இருக்கும் ஒரே இடம் நம் ஹவ்ளுதான்! பள்ளி அசுத்தமாகிவிடுமே என்று முகம் சுளிப்பவர்களுக்கு: பள்ளிக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியை விரட்டாமல், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னவர் யார் என்று உங்கள் இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் பெண்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் நம் தாய்மார்கள் புகையிலைத் தூள் பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு மதியம் முழுவதும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலில் வேலை செய்வோர் என்ற பட்டியலில் இவர்கள் இல்லை, ஏனென்றால் இவர்கள் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அந்தக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டம் எழுதட்டும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கூரையின் சூடு குறையும். பைத்துல்மால் நிதியில் ஒரு தெருவுக்கு அடித்துப் பாருங்கள், என்ன பெரிய செலவு?

இனி நாம் எண்ணுவோம்

அரசு எண்ணவில்லை என்றால் நம்மால் எண்ண முடியும். நாட்டில் வேறு பலருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் அடக்கப் பதிவேடு இருக்கிறது. 20, 30 ஆண்டு நோட்டுகள் அலமாரியில் கரையான் அரித்துக் கொண்டிருக்கின்றன. அஹமதாபாத்தில் மாநகராட்சிப் பதிவேட்டை வைத்துச் செய்ததை நாம் மையவாடிப் பதிவேட்டை வைத்துச் செய்யலாம்.

எனவே கிளை நிர்வாகிகளுக்கு ஒரு பணி. கடந்த பத்தாண்டுகளின் நோட்டை எடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் எத்தனை அடக்கம் என்று தனித்தனியாக எழுதுங்கள். கொரோனா பரவிய 2020, 2021ஐத் தனியாகக் குறித்து வையுங்கள். அதைக் கலந்தால் கணக்கு கெடும். எந்தக் காரணத்தால் இறந்தார் என்று பார்க்காதீர்கள். எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா, வயது, தேதி, தொழில் போதும். வெயில் கொளுத்திய ஆண்டையும் மிதமான ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். ஒரு மஹல்லாவின் கணக்கு சிறியது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறு மஹல்லாவின் கணக்கு சேர்ந்தால் தொழிலாளர் துறை அமைச்சரின் மேசையில் வைக்கலாம். பகல் 12 முதல் 3 வரை கட்டாய ஓய்வை, கூலியைப் பிடிக்காமல், சட்டமாகவே போடச் சொல்லிக் கேட்கலாம். கணக்கு அவ்வளவாகக் கூடவில்லை என்று வந்தாலும் அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். பொய்க் கணக்கு அவர்கள் வேலை, நம் வேலை அல்ல.

இந்தக் கோடையிலிருந்து அதே நோட்டில் புதிதாக மூன்று பத்திகள் கோடு போடுங்கள்: கடைசியாக வேலை செய்த இடம், மயங்கி விழுந்த நேரம், வீட்டுக் கூரை ஓடா தகரமா கான்கிரீட்டா. மையித்தைக் குளிப்பாட்ட வரும் உறவினரிடம் கேட்டு மோதினாரே எழுதிவிடலாம். பத்தாண்டுக் கணக்கை அடுத்த மாத இறுதிக்குள் மாவட்டப் பொறுப்பாளரிடம் சேர்த்து விடுங்கள். வந்து சேரும் கணக்கை ஊர் வாரியாக, கூட்டாமல் குறைக்காமல், இதே பக்கத்தில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.